ஒன்பதரை மணி பஸ்

கார்டிஃபில் மழை. பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல என் அட்டையை இயந்திரத்தில் வைத்தேன். சிவப்பு விளக்கு. சாரதி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்: "இது இங்கிலாந்து அட்டை ஐயா. நீங்கள் நிற்பது வேல்ஸ்."

காசு கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரே அரசர், ஒரே பவுண், ஒரே மழை. பஸ்ஸுக்கு மட்டும் வேறு நாடா?

பிறகுதான் விசாரித்தேன். முதியோர் இலவசப் பயணம் ஐக்கிய இராச்சியத்தில் ஒரு திட்டமல்ல, நாலு திட்டம். பஸ் கம்பனிக்குக் காசு கொடுப்பவர் எவரோ, அவருடைய எல்லையோடு சலுகையும் முடியும். இங்கிலாந்தில் கொடுப்பவை உள்ளூராட்சிச் சபைகள். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் அவரவர் அரசாங்கம். இங்கிலாந்துக்குள்ளேயே 2008 ஏப்ரல் வரைக்கும் பலருக்குச் சொந்தச் சபை எல்லை தாண்டினால் இலவசம் இல்லை; அதன் பிறகுதான் இங்கிலாந்து முழுவதும் செல்லும். வயதும் ஒன்றல்ல. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் 60. இங்கிலாந்திலும் ஒருகாலம் 60தான். 2010இலிருந்து படிப்படியாக ஏறி, என் முறை வந்தபோது 66 ஆகியிருந்தது. லண்டன்காரருக்கு 60இல் ஓர் அட்டை உண்டு, ஆனால் அது லண்டனோடு சரி.

நேரக் கணக்கு வேறு. லண்டனுக்கு வெளியே வாரநாட்களில் காலை 9.30க்கு முன் பெரும்பாலும் அட்டை செல்லாது. மிட்லண்ட்ஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, 9.25 பஸ்ஸில் ஏறி "டூ ஏர்லியோ?" என்று கேட்டேன். சாரதி சிரித்துவிட்டார். இப்படிக் கேட்கும் கிழடுகளுக்குச் சாரதிகள் வைத்த பட்டம் 'ட்வேர்லி'யாம். 'டூ ஏர்லி'யை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடம் தரிப்பிடத்தில் நின்றேன். என்னோடு மூன்று ட்வேர்லிகள்; எல்லோருக்கும் முழங்கால் நோவு, எல்லோரிடமும் அதற்கு ஒரு கைமருந்து.

யாழ்ப்பாணத்தில் என் சட்டைப் பையில் இருந்தது வேறோர் அட்டை, அடையாள அட்டை. சோதனைச் சாவடி கண்டதும் பஸ்ஸை விட்டு இறங்கி, அதைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்கவேண்டும். இப்போதும் யாராவது என் அட்டையை உற்றுப் பார்த்தால் வயிற்றை ஒருமுறை பிசையும். கார்டிஃபிலும் பிசைந்தது. காசு கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்று தெரிந்தபோது உண்மையில் சந்தோஷமாகத்தான் கட்டினேன்.

லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்கு மகன் காரில் கொண்டுபோய் விடுவான். ஆனால் அவன் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் உள்ளே அவசரமாகக் கும்பிடுவது ஒருமாதிரி. இப்போது இந்த அட்டையோடு ஹரோ வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி, கடைசியில் 43ஆம் இலக்கத்தில் ஆர்ச்வே ரோட்டில் இறங்குகிறேன். நேரம் போகும். போகட்டும், எனக்கென்ன கந்தோரா?

கிளாஸ்கோவில் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். அவன் அட்டைக்கு நேரக் கட்டுப்பாடே இல்லை. இன்வர்னஸ் போகும் தூரப் பயணக் கோச்சிலும் ஓசி. எனக்குக் கோச்சில் அந்தச் சலுகை கிடையாது. வட அயர்லாந்துக்காரருக்கு இன்னும் யோகம்: 65 ஆனால் எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசிலும் பஸ், ரயில் இரண்டும் இலவசம். பெல்ஃபாஸ்டிலிருந்து கோர்க் வரை போகலாம். நான் கார்டிஃபுக்குள் போக முடியாது.

போன கிழமை சிநேகிதன் போனில் ஒரு கண்டுபிடிப்புச் சொன்னான். ஸ்கொட்லாந்து அட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் கார்லைல் வரை செல்லுமாம். "கார்லைல் இங்கிலாந்துதானே மச்சான், உன்ர அட்டையும் அங்க செல்லும். நான் அங்க வாறன், நீயும் வா. ஒரு சதம் செலவில்லை."

அவனுக்கு அரை நாள் பயணம். எனக்கு உள்ளூர் பஸ்களில் தொத்தித் தொத்தி, அதுவும் தினமும் ஒன்பதரைக்குப் பிறகுதான். கொப்பியில் எழுதிப் பார்த்தேன். இரண்டு நாளில் முடியாது, மூன்று நாளிலும் சந்தேகம். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "இரவில எங்கயப்பா படுப்பீங்கள்?" என்று கேட்டான். ஹோட்டலுக்கு யாரும் அட்டை தருவதில்லை. முதல் இரவுக்குத் தங்கை வீடு இருக்கிறது. இரண்டாவது இரவுக்கு மான்செஸ்டர் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று பழைய கலியாண அழைப்பிதழ்களைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.