எங்கள் இல்லத்து வெந்நீர்க்கலம்

அரியலூரிலும் குளிர் உண்டு என்று சொன்னால் மலைநாட்டு மாணவர் நகைப்பர். நகைக்கட்டும். மார்கழித் திங்களின் வைகறையில், இரவெல்லாம் பனியில் நின்ற மாடித்தொட்டி நீரை ஒரு செம்பு தலையில் ஊற்றிக்கொண்டவர்க்கே அதன் உண்மை புலப்படும். குளிர் மிகுந்த மேலைநாடுகளில் வெந்நீர்க்கலம் குளியலுக்கேயன்றி அறைகளை வெதுவெதுப்பாக்குதற்கும் துணைசெய்கிறது. நமக்கோ நாளொன்றுக்கு நான்கு வாளி வெந்நீர் கிடைத்தாற் போதும். அந்த நான்கு வாளியை முன்னிட்டு எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு வழக்கையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில், முதலாண்டு மாணவனாகிய யான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றேன். இல்லத்தில் என் அன்னையும், எண்பதைக் கடந்த என் பாட்டியும் இருவரே. என் தந்தையார் 2020இல் காலமானார். குளியலறைச் சுவரில் மின்சார வெந்நீர்க்கலத்தின் கீழே காவிநிறக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. கலத்தின் அடியில் நீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரார் ஹீட்டர் என்று வழங்கும் அக்கலம் 25 லிட்டர் கொள்வது; 2012இல் தந்தையார் வாங்கி மாட்டியது.

"இரண்டு ஆண்டாகவே வெந்நீர் அரை வாளிதான் வருகிறது என்று சொல்கிறேன், யார் கேட்கிறீர்கள்?" என்றார் பாட்டி. உண்மைதான். முதுமையால் அவருக்குக் குளிர் மிகுதியாகத் தோன்றுகிறது என்று நாங்கள் வாளா இருந்துவிட்டோம்.

பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கலத்தை இறக்கி அடித்தட்டைக் கழற்றியதும் வெண்சில்லுகள் கலகலவென்று கொட்டின. ஒரு முறம் நிறைந்தது. வெப்பமூட்டும் சுருள் சுண்ணத்தால் மூடப்பட்டுப் பிரண்டைத் தண்டு போல் தடித்திருந்தது. பாட்டியின் அரை வாளி எங்கே போயிற்று என்பது அப்போது விளங்கியது. நீர் இருக்கவேண்டிய இடத்தைக் கல் பற்றிக்கொண்டது. பின்னர் அவர் நீண்ட கம்பி ஒன்றை உருவி என்னிடம் நீட்டி, "இதுதான் மக்னீசியம் தண்டு, தம்பி. கம்பிதான் மிச்சம்" என்றார்.

அத்தண்டின் தொழில் விந்தையானது. கலத்தின் உட்புறம் எஃகு, அதன்மேல் கண்ணாடிப்பூச்சு. பூச்சில் மயிரிழை போன்ற விரிசல் எங்கேனும் இருந்தே தீரும். நீர் அவ்வழியே எஃகை அரிக்க முற்படும்போது, எஃகினும் எளிதில் அரிபடும் மக்னீசியம் தான் முற்பட்டு அரிபட்டு எஃகைக் காக்கிறது. அது முற்றும் கரைந்தபின் கலத்திற்குக் காவலில்லை. ஓரிரண்டு ஆண்டுக்கொருமுறை தண்டைப் பார்த்து மாற்றவேண்டும். பதினோராண்டில் நாங்கள் ஒருமுறையும் பார்க்கவில்லை. மாட்டிச் சென்றவர் அதைப்பற்றிச் சொல்லவுமில்லை, யாங்கள் கேட்கவுமில்லை.

இதனினும் அச்சந் தரத்தக்கது வேறொன்று. உள்ளே அழுத்தம் மிகுந்தால் அதைத் தானே வெளியேற்றவேண்டிய அடைப்பான் சுண்ணம் படிந்து இறுகிக்கிடந்தது. வெப்பம் ஓரளவினை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் ஒருநாள் பழுதுற்றிருந்தால் கலம் வெடித்திருக்கும். அதன் கீழே நாள்தோறும் முக்காலியிட்டு அமர்ந்து நீராடியவர் பாட்டியார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அன்னையார் மட்டும், "ஓட்டையைப் பற்றவைத்துத் தரமுடியாதா?" என்று இருமுறை கேட்டார். பற்றவைக்கும் சூட்டில் உள்ளிருக்கும் கண்ணாடிப்பூச்சு உதிர்ந்துவிடும், பின்னர் வேறிடத்தில் ஒழுகும் என்று பழுதுபார்ப்பவர் விளக்கினார். அன்னை மறுமொழி கூறவில்லை.

நிற்க. இச்சுண்ணம் வந்த வழியை வேதியியல் மாணவனாகிய யான் அறியாதவனல்லன். அதுவே எனக்கு வெட்கம். அரியலூர்ப் பகுதி முன்னொரு காலத்தில் கடலாயிருந்தது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்து படிந்த கல்லே எங்கள் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் உள்ளங்கையளவு சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். 1862இல் பிளான்போர்டு என்னும் நிலநூலறிஞர் இப்பாறைத்தொகுதிகளுள் ஒன்றற்கு எங்கள் ஊர்ப்பெயரையே இட்டு எழுதினார். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. காய்ச்சினால் அவ்வாயு நீங்க, கரைந்த சுண்ணம் மீண்டும் கல்லாகிறது. 60 பாகைக்கு மேல் வெப்பமேறினால் படிவு விரைகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று, வேறு நீர் இல்லையேல் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர விதி. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைப்பதே அரிது! முறத்திலிருந்த சில்லொன்றின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன், பொங்கி நுரைத்தது. இவ்வளவும் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற யான், என் வீட்டுச் சுவரிலிருந்த கலத்தை அண்ணாந்தும் பார்த்ததில்லை.

மறுநாள் யான் ஒரு முடிவோடு எழுந்தேன். பரண்மேல் எங்கள் பழைய செப்புப் பாய்லர் இருந்தது. அன்னையார் பெரம்பலூரை அடுத்த தம் ஊரிலிருந்து மணமாகி வந்தபோது சீராகக் கொணர்ந்தது அது. நடுவே குழல், குழலின் அடியில் நெருப்பு, சுற்றிலும் நீர், பக்கத்தில் பித்தளைக் குழாய். யான் ஏழு வயதுச் சிறுவனாயிருந்தபோது அதன் வெதுவெதுப்பான வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாடம் படித்ததுண்டு. செம்பு எஃகைப் போல் துருப்பிடியாது. சுண்ணம் படிந்தால் புளி கரைத்து ஊற்றிக் கழுவிவிடலாம். அடைப்பானும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. முன்னோர் அறிவே அறிவு என்று அன்னையிடம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன்.

அவர் முற்றும் கேட்டுவிட்டு, "நாளைக் காலை நான்கு மணிக்கு எழுந்து நீ பற்றவைப்பாயா, தம்பி?" என்றார்.

"விடுமுறை முடியும்வரை பற்றவைப்பேன்" என்றேன்.

"பிறகு?"

எனக்கு விடையில்லை. அவர் வலக்கைச் சேலைத்தலைப்பை விலக்கி முன்கையைக் காட்டினார். அத்தழும்பை யான் பிறந்தது முதல் கண்டிருப்பதாகவே எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. 2012ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் பருத்திமார் நனைந்து பற்றாமற்போக, அவர் மண்ணெண்ணெய் ஊற்றியபோது குழல்வழியே நெருப்புப் பாய்ந்து வந்தது. "உன் அப்பா அடுத்த மாதச் சம்பளத்தில் ஹீட்டர் வாங்கினார். மருந்துச் செலவு வேறு. இனி நீ அடுப்பண்டை போகவேண்டாம் என்றார். பதினோரு வருஷம் நான் ஆறு மணிவரை தூங்கினேன்" என்றார் அன்னை.

மாட்டிய அன்று மின்விளக்கு எரிந்ததும் யான் கைகொட்டி ஆடியது நினைவிருக்கிறது. எதன்பொருட்டு வந்தது என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஓட்டையைப் பற்றவைக்க முடியாதா என்று இருமுறை கேட்டதன் கருத்தும் அப்போதுதான் விளங்கியது.

பாய்லர் பரணிலேயே இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊராயிற்றே, சூரிய வெந்நீர்க்கலம் வாங்கலாமே என்று எண்ணினோம். அண்டை வீட்டாருடைய கண்ணாடிக் குழல்கள் இதே சுண்ணத்தால் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். இரண்டு நாள் கழித்து அன்னையும் யானும் பெரம்பலூர் சென்றோம். கடைத்தெருவை நன்கறிந்த மாமா அங்கே இருக்கிறார். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி ஓய்ந்து, கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் தோன்றத் தொடங்கியதும், "அந்த மார்தான் சுமந்து வருவோம்" என்று அன்னை பேருந்துச் சாளரத்தின் வழியே காட்டினார்.

கடைக்காரர் நிறத்தைப் பற்றியும் வடிவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அன்னையார், "தண்டு எவ்வளவு தடிமன்? கழற்ற வழி எங்கே?" என்று வினவ, அவர் திகைத்துப்போனார். 25 லிட்டர் கலம் ஒன்றைத் தேர்ந்தோம். 25 பாகையிலுள்ள நீரை 60 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் செல்லும். நாங்கள் 55இல் நிறுத்திவைத்தோம். ஆறு திங்களுக்கொருமுறை அடிநீரை வடிப்பதென்றும், ஆண்டுக்கொருமுறை தண்டைப் பார்ப்பதென்றும் ஏற்பாடு. மாட்டிய நாளை அன்னையார் குளியலறைக் கதவின் உட்புறத்தில் கரியால் எழுதிவைத்தார்.

பழைய கலத்தை இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துச் சென்றார். அதன் முகப்பிலிருந்த சிறு மின்விளக்கை மட்டும் அன்னை கழற்றி வாங்கிக்கொண்டார்.

2024 டிசம்பர் விடுமுறையில் தண்டைத் திறந்து பார்த்தோம். கட்டைவிரற் பருமனாயிருந்தது சுண்டுவிரலளவாய்த் தேய்ந்திருந்தது. மறுவாரமே பெரம்பலூர் சென்று வேறொன்று வாங்கி வந்தேன். பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதைப் பாட்டியாரே எழுதினார்.