ஓலை வாசிக்கும் ஊர்

அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத் தலைநகரான டெ மாயின் நகரின் அரசுப் பள்ளிகள் ஒரே கல்வி மாவட்டமாக இயங்குகின்றன. ஏறத்தாழ 30,000 பிள்ளைகள் அவற்றில் பயில்கின்றனர். நம் நாட்டில் முதன்மைக் கல்வி அலுவலரை அரசு ஆணையிட்டு அனுப்பிவைக்கிறது. அங்கோ, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழுவே தன் கண்காணிப்பாளரைத் தேடி அமர்த்திக்கொள்கிறது. ஆள் தேடித் தருவதற்கென்றே கட்டணம் பெறும் நிறுவனங்களும் உண்டு.

அவ்வாறு 2023-இல் அமர்த்தப்பட்டவர் இயன் ராபர்ட்ஸ். கயானா நாட்டினர்; 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்காக ஓடியவர்; பிள்ளைகளின் மனத்தில் இடம்பிடித்தவர். 2025 செப்டம்பர் 26 அன்று குடியேற்றத் துறையினர் அவரைக் கைது செய்தனர். அந்நாட்டில் வேலை செய்ய அவருக்கு அனுமதியே இல்லை என்றது அரசு. சில நாட்களில் அவர் பதவி விலகினார். குடியேற்றச் சட்டத்தின் நியாய அநியாயங்களுக்குள் நான் புகவில்லை. என் மனத்தில் தைத்தது வேறொன்று.

மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதாக அவர் தம் விவரக் குறிப்பில் எழுதியிருந்தார். அங்கே படித்தது உண்மை, பட்டம் பெறவில்லை. பின்னணிச் சோதனையில் 2023-லேயே இது தெரிந்துவிட்டது. குறிப்பு திருத்தப்பட்டது, நியமனமும் நடந்தது. ஊராருக்கோ 2025-இல் கைதுக்குப் பின்னரே இச்செய்தி எட்டியது. அதன் பின் கல்விக் குழு, ஆள் தேடித் தந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

பட்டப்படிப்பை முடிக்காமை பாவமன்று. ஆய்வேடு பாதியில் நின்ற அறிஞர்கள் நம் குருமடங்களிலும் உண்டு! ஆனால் முடித்ததாக எழுதிய கை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலுக்கும் பொறுப்பேற்கப் போகிற கை. மன்னித்து ஏற்பதென்று குழு முடிவு செய்திருக்கலாம். அந்த மன்னிப்பை ஊரறியச் செய்திருக்கலாகாதா? மறைவில் வழங்கிய சலுகையை இரக்கம் என்று சொல்ல என் நா எழவில்லை.

திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் திருத்தூதர் பவுல் சபைக் கண்காணிப்பாளருக்கான தகுதிகளை அடுக்குகிறார். 'ஆயர்' என்று நாம் வழங்கும் பதவிக்குக் கிரேக்க மூலத்திலுள்ள சொல்லின் நேர்ப்பொருளே 'கண்காணிப்பவர்' என்பதுதான். வெளியாரிடத்தும் அவர் நற்பெயர் பெற்றிருக்க வேண்டுமாம். திருத்தொண்டர்களோ முதலில் சோதித்து அறியப்பட வேண்டியவர்கள். அந்தச் சோதனையை அவமதிப்பாகப் பவுல் கருதவேயில்லை.

விண்ணப்பித்தவர் பெயரை வெளியிட்டால், இப்போதுள்ள வேலையில் அவருக்கு இடர் வரும் என்று அந்நாட்டில் பலர் வாதிடுகின்றனர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவருடைய நற்பெயரைக் காக்கும்படி திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220-ஆம் எண்ணும் பணிக்கிறது. ஆனால் அதே தொகுப்பு, மணமக்களைக் குறித்தும் திருப்பட்டம் பெறுவோரைக் குறித்தும் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குக் குருவிடமோ ஆயரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. நம் கோவில்களில் ஓலை வாசிப்பது இதற்காகவே. பெயரை எல்லாரும் கேட்கச் சொல்கிறோம். தடையை அறைக்குள் காதோடு கேட்கிறோம். வதந்தி பரப்பப் பீடத்தில் எவருக்கும் இடமில்லை. அந்த நகரத்தார் அனைத்துப் பெயர்களையும் கேட்க வேண்டியதில்லை. இறுதியில் எஞ்சும் இருவர் மூவர் பெயர் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஓலையை மணமகள் ஊரில் மட்டும் வாசித்தால் போதாது. மணமகன் ஊரிலும் வாசிக்கிறோம். அவனை அறிந்தவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்! ராபர்ட்ஸ் டெ மாயினுக்கு வருமுன் பென்சில்வேனியாவில் கண்காணிப்பாளராக இருந்தவர். வேறு நகரங்களிலும் பணியாற்றியவர். அங்கெல்லாம் நேரில் சென்று கேட்பது, கட்டணத்துக்கு அனுப்பப்படும் அறிக்கையைப் படிப்பதைவிடக் கடினந்தான். ஆயினும் 30,000 பிள்ளைகளுக்காக இரண்டொரு பயணம் பெரிதா?

கைதுக்குப் பின் மாணவர் பலர் வகுப்பைவிட்டு வெளியே வந்து அவருக்காகக் குரல் கொடுத்தனர். தங்களோடு ஓடிய மனிதரை அவர்கள் நேசித்தார்கள். பெரியவர்கள் இரண்டாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்ததை அந்தப் பிள்ளைகள் செய்தித்தாளில் படிக்க வேண்டியதாயிற்று.