பழைய லேப்டாப்பும் பக்கக்கன்றும்

வாழைக்கு மண் அணைக்கிற வேலை போன வாரத்தோட முடிஞ்சுது. கொஞ்சம் ஓய்வு கிடைச்சதால இந்தத் தடவை வயலைப் பற்றி இல்லாம, இதை எழுதிக்கொண்டிருக்கிற லேப்டாப்பைப் பற்றி எழுதுகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நீங்க சிரிக்கலாம். சிரிச்சுட்டுப் படிங்க.

என் மகள் பிளஸ் டூ படிச்சப்ப, 2012-ல், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இது. அப்ப ஆன் பண்ணினா முதல்ல ஒரு பட்டியல் வரும். விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேட்கும். நாங்க யோசிக்காம விண்டோஸுக்குப் போயிடுவோம். பாஸ் என்பது சீ-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, 2007-ல் முதல் பதிப்பு வந்தது என்பதெல்லாம் இப்பத்தான் எனக்குத் தெரியும். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னப்ப, தமிழக அரசு தன் துறைகளையே அதுக்கு மாறச் சொல்லியிருக்கு. எங்க வீட்டுக்குள்ளயே இருந்ததை நாங்க ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கலை.

மகள் கல்யாணமாகிப் போனபின் லேப்டாப் என்கிட்ட வந்துது. ஒரு தடவை அடிக்கடி நின்னு போகுதுன்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில கொடுத்தேன். 300 ரூபாய் வாங்கிக்கிட்டு எல்லாத்தையும் அழிச்சு, புதுசா விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தார். பாஸும் அதோட போச்சு. அந்த விண்டோஸ் காசு கொடுத்து வாங்கினது இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். ஊரே இப்படித்தானேன்னு விட்டுட்டேன்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்னுபோச்சு. 2023-ல் குரோமும் அதுக்குப் புதுப் பதிப்பு தருவதை நிறுத்திட்டது. போன வருஷம் ஒருநாள் பாங்க் பக்கம் திறக்க மாட்டேன்னுடுச்சு. கடையில கேட்டா, "இது குப்பைண்ணே, புதுசு 38,000 ஆகும்" என்றார்கள். அதுக்கு எத்தனை பூவன் தார் வெட்டணும்னு மனசுல கணக்குப் போட்டேன். பேசாம ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துல அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்.

அக்கா மகன் திருச்சியில இன்ஜினியரிங் படிக்கிறான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மாமா, இது நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் போட்டுக்கலாம். ஆனா எதைப் போடறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றான்.

எதைன்னா? எனக்கு லினக்ஸ் என்றால் ஒண்ணுன்னுதான் நினைப்பு. அவன் நாலு பேர் சொன்னான். டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ். நாலுக்கும் உள்ளே லினக்ஸ் என்கிற ஒரே கரு. 1991-ல் பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற மாணவர் எழுதினது. டெபியன் 1993-ல் ஆரம்பிச்சது. நம்ம திருச்சியில வாழை ஆராய்ச்சி மையம் வந்ததும் அதே வருஷம்தான். டெபியன்லேர்ந்து உபுண்டு, உபுண்டுலேர்ந்து மின்ட். பாஸும் டெபியன் வழிதான்.

"அப்ப டெபியன் தாய்க்கிழங்கு, மத்ததெல்லாம் பக்கக்கன்றுன்னு சொல்லு" என்றேன். அவனுக்குச் சிரிப்பு. எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. பக்கத்து வயல்காரர்கிட்ட பூவன் கன்று கேட்டா கொடுப்பார். என் வயல்ல வளர்ந்தபின் நான் இன்னொருத்தருக்குக் கொடுப்பேன். யாரும் தடுக்க முடியாது. ஆனா சும்மா கிடைக்குதேன்னு எந்தக் கன்றையும் நடக்கூடாது. ஈட்டிக்கன்றா பார்த்து, கிழங்கைச் சீவி, நூற்புழு இருக்கான்னு பார்த்துத்தான் நடணும். இதிலும் அப்படித்தானாம். அவரவர் சொந்தத் தளத்துலேர்ந்துதான் இறக்கணும்.

லினக்ஸ்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. பென் டிரைவ்ல ஏத்தி, உள்ளே இருக்கிற எதையும் தொடாம ஓட்டிப் பார்க்கலாம். அன்னைக்கு மத்தியானம் உபுண்டுவையும் மின்டையும் அப்படி ஓட்டினோம். உபுண்டு அவன் காலேஜ் லேப்ல இருக்கு. பார்க்க அழகு. ஆனா என் பெட்டியில 2 ஜி.பி. ராம். ஒரு பட்டனை அமுக்கினா அக்கா காபி கலந்து கொண்டு வர்ற நேரம் ஆச்சு. மின்ட்ல எக்ஸ்எப்சிஇ என்று ஒரு இலேசான வகை. மெனு இடது கீழ் மூலையில, பழகின இடத்துல. அதே பெட்டியில சுமாரா ஓடுச்சு.

எங்க ஒன்றியத்துல மழை விட்டாச்சுன்னு நினைக்கிறப்பத்தான் இடி விழும். அதுபோல அப்பாவோட கோப்பைத் திறந்தேன்.

அப்பா 2019-ல் தவறிட்டார். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணி வச்சிருந்தேன். 1977 நவம்பர் வெள்ளம், எந்த வருஷம் எந்த ரகம் போட்டோம், 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மதகுகள் உடைஞ்ச அன்னைக்கு அவர் திண்ணையில உட்கார்ந்து பேசினது, எல்லாம் 43 பக்கம். திறந்தா ஒரு தமிழ் எழுத்து இல்லை. பூரா ஆங்கில எழுத்து, நடுவுல புள்ளியும் அரைப்புள்ளியும்.

கை நடுங்கிப் போச்சு. "வேணாம்டா, மூடு. எனக்குப் பழசே போதும்" என்று எழுந்துட்டேன்.

அவன்தான் கையைப் பிடிச்சு உட்கார வச்சான். "மாமா, இது லினக்ஸ் கோளாறு இல்ல. நீங்க பாமினி எழுத்துருல அடிச்சிருக்கீங்க. உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துதான். பாமினி அதுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுது. 38,000 கொடுத்துப் புதுசு வாங்கியிருந்தாலும் பாமினி போடாட்டி இப்படித்தான் தெரியும்" என்றான். இலவசமா கிடைக்கிற ஒரு மாற்றி மூலமா 43 பக்கத்தையும் யூனிகோடுக்கு மாத்தினான். அப்பா பேச்சு திரையில திரும்பி வந்துது. அங்கங்கே எழுத்துகள் இடம் மாறியிருந்தது. ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து ரெண்டு பேருமா திருத்தினோம். ரெண்டு பென் டிரைவ்ல பிரதி எடுத்தபிறகுதான் பழசை அழிக்கச் சம்மதிச்சேன்.

கடைசியில நான் தேர்ந்தெடுத்தது மின்ட். காரணத்தையும் சொல்லிடறேன். டெபியன் உறுதியானதுதான், ஆனா போடும்போது அது கேட்கிற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியலை. பாஸ் நம்ம நாட்டுது, மனசு அதுக்குத்தான் போச்சு. ஆனா எனக்குத் தெரிஞ்ச யாரும் அதை ஓட்டலை. ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவேன்? மின்ட்னா உபுண்டு தெரிஞ்ச மருமகனுக்கு வழி தெரியும். இந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவும் உண்டு. நல்ல ரகமா என்பதோட, என் மண்ணுக்கு ஆகுமா, நோய் வந்தா கேட்க ஆள் இருக்கா என்றும் பார்த்துத்தானே கன்று வைக்கிறோம்.

பழைய ராம் ஒண்ணு, எஸ்எஸ்டி ஒண்ணு, ரெண்டும் சேர்த்து 2,300 ரூபாய் செலவு. முன்னாடி ஆன் பண்ணிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரலாம். இப்ப உட்காரும்போதே தயாரா நிக்குது. பாங்க் பக்கம் திறக்குது. தமிழ்99 விசைப்பலகை பழகிக்கிட்டிருக்கேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ரெண்டு வாரம் எரிச்சலா இருந்துது, இப்ப பரவாயில்லை.

குறையும் உண்டு. மகள் அனுப்புகிற வேர்டு கோப்பு லிப்ரெஆபீஸ்ல திறந்தா கட்டங்கள் கொஞ்சம் நகர்ந்துபோகுது. சொசைட்டியில டேலி வச்சுக் கணக்கு எழுதுகிற தம்பிக்கு நான் இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன். அவர் வேலை இதுல நேரா ஓடாது.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு அரசு லேப்டாப் கிடக்கலாம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பாமினியில அடிச்ச கோப்பு ஏதாவது இருந்தா, எந்த சிஸ்டம் வச்சிருந்தாலும் சரி, இந்த வாரமே யூனிகோடுக்கு மாத்திடுங்க.

அடுத்த பதிவுல அப்பா சொன்ன 1977 வெள்ளத்தைப் போடறேன். திருத்தி வச்சாச்சு.