வேண்டாத விசைகள்

வீட்டிற்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால், அதனுடன் சில தொல்லைகளும் வந்து சேர்தல் உலகியல்பு. மலையகத்து இல்லங்கள் பலவற்றில் இன்று மடிக்கணினி அத்தகைய பொருளாயிற்று. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், கொழும்பிலே வேலை பார்க்கும் அண்ணனோ அக்காளோ வாங்கியனுப்பிய பழைய கணினியொன்றேனும் லயத்துக் காம்பிராவில் இடம்பெறலாயிற்று. அதிலே எழுதவும் படிக்கவும் நம் பிள்ளைகள் விரைவிற் பழகிக்கொண்டனர். ஆயின், வேண்டாத வேளையிலே விரல் பட்டு, வேண்டாத வேலையைச் செய்துவிடும் விசைகளை என்செய்வது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மிகச் சிலரே.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தன் ஒப்படையை உரிய நாளிலே தரவில்லை. காரணம் வினவினேன். "கம்பியூட்டர் பழுதாப் போச்சு சேர். தமிழ்ல அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே இங்கிலீஷ் எழுத்து வருது. நான்தான் கண்டதையும் அமுக்கிக் கெடுத்துப்புட்டேன்னு அம்மா ஏசுறாங்க" என்றாள். நகரத்துக் கடையொன்றிலே 2,500 ரூபா கொடுத்துத் திருத்தியும், இரண்டு வாரத்திலே பழைய கதையே தொடர்ந்ததாம். அக்காலை தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு அதற்குச் சென்றுவிட்டது.

கணினியைக் கொண்டுவரச் செய்து பார்த்தேன். பழுது யாதொன்றும் இல்லை. இடப்புறத்து ஆல்ட் விசையும் ஷிப்ட் விசையும் ஒருங்கே அழுந்தினால் மொழி மாறுமாறு விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கின்றது. ஒலிப்பு முறையிலே தட்டெழுதுவோர் ண, ள, ற முதலிய எழுத்துக்களுக்கு ஷிப்ட் விசையை அடிக்கடி நாட வேண்டும். அவ்வேளை பெருவிரல் சற்றே விலகி ஆல்ட் விசையைத் தொட்டால், தமிழ் போய் ஆங்கிலம் வந்துவிடும். அப்பிள்ளை எதனையும் கெடுக்கவில்லை என்பதைத் தாய்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பும் எனக்கே வாய்த்தது.

விசைகளை அமைப்போர் இத்தகைய இடரை அறியாதவர்களா? அறிந்தோரும் இருந்தனர். 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியை உருவாக்கியோருள் டேவிட் பிராட்லி என்பவர் ஒருவர். கணினியை மீளத் தொடக்குவதற்கு அவர் முதலிலே தேர்ந்த மூன்று விசைகள் இடக்கைப் பக்கத்திலேயே இருந்தன. கை தவறிப் பட்டாலும் செய்த வேலை அழிந்துவிடும் என்பதை உணர்ந்து, இரு கைகளும் வேண்டுமாறு கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் என அவற்றை மாற்றினார். தவறுதலாக அழுந்தலாகாது என்ற அக்கறை அதிலே தெரிகின்றது.

நம் மொழியின் விசைப்பலகையும் அத்தகைய அக்கறையால் உருவானதே. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886இற் பிறந்து, கடல்கடந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், 247 தமிழ் எழுத்துக்களையும் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்க முனைந்தார். புள்ளி முதலிய குறிகளுக்கு, அழுத்தினாலும் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்தார். எந்த விசை எதற்கு, யாருக்கு என்று எண்ணி எண்ணி இடம் கொடுத்தார்.

இன்றோ, விற்போரின் விருப்பமும் பலகையிலே ஏறிவிடுகின்றது. 1994இல் விண்டோஸ் விசை வந்தது. 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் கோபைலட் எனும் செயற்கை நுண்ணறிவுத் துணைக்குத் தனி விசையை அறிவித்தது. சில மடிக்கணினிகளிலே அது வலப்புறக் கொன்ட்ரோல் விசையின் இடத்தையே பிடித்துக்கொண்டது. விரும்புவோர் அதனைப் பயன்படுத்துக. விரும்பாதோர் அதன் வாயை அடைப்பதிலே குற்றம் என்ன?

அதற்கு வழி எளிது. மொழிமாற்றத் தொல்லை உடையோர், செட்டிங்ஸ் பகுதியிலே மொழியும் தட்டெழுத்தும் பற்றிய இடத்திற்குச் சென்று, மேல்நிலை விசைப்பலகை அமைப்பிலே மொழிமாற்ற விசைகளை 'ஒதுக்கப்படவில்லை' என்று பொருள்படும் தெரிவிற்கு மாற்றினாற் போதும். பிற விசைகளுக்கு, பவர்டோய்ஸ் என்னும் இலவச மென்பொருளை மைக்ரோசொப்ட் நிறுவனமே வழங்குகின்றது. அதிலுள்ள கீபோர்ட் மனேஜர் வாயிலாக வேண்டாத விசையைச் செயலிழக்கச் செய்யலாம். மீண்டும் வேண்டுமெனின் உயிர்ப்பிக்கலாம். அம்மென்பொருள் பின்னணியிலே இயங்கும்வரைதான் மாற்றம் நிலைக்கும் என்பதை மறவற்க. சிலர் கத்திமுனையால் விசையைப் பெயர்த்தெடுப்பர். மடிக்கணினி விசையின் அடியிலுள்ள மெல்லிய பற்றுக்கள் ஒடிந்தால் அது மீண்டும் பொருந்தாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால், ஒட்டுவிசை வேண்டுமா என்று கணினி கேட்கும். பலர் இதனை வீண் தொல்லை என்பர். ஆயின், இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த இயலாதோர், ஒரு கையாலே மட்டும் எழுதுவோர், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி வேலை செய்வதற்கே அது அமைக்கப்பட்டது. ஆகவே வீட்டிலே பலர் பழகும் கணினியாயின், எதனையும் நிறுத்துமுன் மற்றவர்களைக் கேட்டல் வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, செய்ததை ஒரு தாளிலே குறித்துவைத்தல் நன்று.

தேயிலைச் செடியை நாம் கவ்வாத்து வெட்டுகின்றோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைத் தறித்து விடுவது செடியைப் பழித்தன்று. பறிக்கும் கைக்கு எட்டும் உயரத்திலே அது மீண்டும் தளிர்க்கட்டும் என்பதற்காகவே. எந்தக் கிளையை வெட்டுவது, எதனை விடுவது என்று தெரிந்த கையே கத்தியை எடுக்கின்றது. கணினிக்கும் இஃது ஒக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணினி தாறுமாறாக நடந்தால், உடனே பிள்ளையைக் கடியாதீர்கள். எந்த விசை அழுந்தியது, திரையிலே என்ன தோன்றியது என்று அருகிலிருந்து பொறுமையோடு கேளுங்கள். ஏச்சுக்கு அஞ்சி விரலை இழுத்துக்கொள்ளும் பிள்ளை, அப்பொருளை மட்டுமன்றி, அதன் வழியே வரக்கூடிய கல்வியையும் விட்டு விலகிவிடும். அதனை ஈடுசெய்ய எந்தக் கடையிலும் ஆளில்லை.