பச்சை கூடினால் போதுமா?

வடதுருவத்தைச் சுற்றிக் கிடக்கிற துந்திரா நிலம் பச்சையாகிக்கொண்டு வருகிறது. 1940களின் இறுதியில், பெற்றோலியம் தேடும் வேலைக்காக வட அலாஸ்காவை விமானத்திலிருந்து படம் எடுத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது வருடங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அதே இடங்களுக்கு மேலே பறந்து திரும்பவும் படம் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆற்றங்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் புதர்கள் அடர்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பிரதேசம் உலக சராசரியை விடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அந்தச் சூட்டின் விளைச்சல்தான் இந்தப் பச்சை.

"அப்ப பூமி சூடாகிறதில ஒரு நன்மையும் இருக்குத்தானே?" என்று எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. மரம் நடுவதுதான் சூழலைக் காப்பது என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் பாடத்தை விட்டுவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். பச்சை என்றால் நல்லது என்ற இடத்தில் எங்கள் பாடம் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த கேள்வி, அந்தப் பச்சையை யார் தின்கிறார்கள் என்பது. அதைத் தேடி வாசிக்கப் போய்த்தான் செடிகளின் இரசாயனத்துக்குள் வந்து நிற்கிறோம்.

துந்திராவில் பெரிய மரம் இல்லை. மேல்மண்ணுக்குக் கீழே வருடம் முழுக்க உறைந்த நிலம். கோடை சில வாரங்கள்தான். அங்கே வளர்வது குட்டை பேர்ச், வில்லோ, ஆல்டர் போன்ற புதர்கள். பல இடங்களில் அவை முழங்கால் உயரம்கூட வராது. கரிபு மான், கஸ்தூரி எருது, முயல், புழுபூச்சி என்று எல்லாருக்கும் பசி. செடிக்கு ஓட முடியாது. அதனால் தன் உடம்பையே தின்னக் கூடாத பண்டமாக்கிக்கொள்கிறது.

வெறுந்தேத்தண்ணியில் சாயம் கூடினால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் இல்லையா, அந்தத் துவர்ப்பைத் தருவது தனின் வகைப் பொருட்கள். அறுசுவையில் ஒன்றாக நாங்கள் எண்ணுகிற துவர்ப்பு, செடியின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தடுப்பு. தனின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தின்ற மிருகத்துக்கு வயிறு நிறையும், ஆனால் புரதம் முழுதாய் உடம்பில் சேராது. பேர்ச்சில் சில வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய் இளங்கொப்புகளில் பிசின் சுரக்கின்றன. அலாஸ்காவில் பனிக்காலத்தில் வேறு தீனி குறைவாக இருக்கும்போதும் முயல்கள் அந்தப் பிசின் கொப்புகளை முடிந்தவரை ஒதுக்குகின்றன.

இதெல்லாம் செடிக்குச் சும்மா கிடைப்பதில்லை. 1983இல் அலாஸ்காவைச் சேர்ந்த ஜோன் பிரையன்டும் கூட இருந்தவர்களும் இதை ஒரு கணக்காகச் சொன்னார்கள். செடியிடம் இரண்டு வருமானம்: காற்றிலிருந்து காபன், மண்ணிலிருந்து நைதரசன் போன்ற போசணைகள். மண் வறுமையாக இருந்தால் வேகமாக வளர முடியாது, காபன் மிஞ்சும். மிஞ்சின காபன் தனினுக்கும் பிசினுக்கும் போகும். மண்ணில் போசணை கூடினால் காபன் வளர்ச்சிக்குப் போகும், பாதுகாப்புக்குக் குறையும். பாதுகாப்புச் செலவுக்கும் மற்றச் செலவுக்கும் நடக்கிற இழுபறியை இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கணக்குப்படி காலநிலை மாற்றம் செடியை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். மண் சூடானால் நுண்ணங்கிகள் சுறுசுறுப்பாகும், நைதரசன் கூடும், துவர்ப்பு குறையும். பக்கத்துப் புதர் உயர்ந்து நிழல் விழுந்தால் ஒளித்தொகுப்பு குறையும், அதனாலும் துவர்ப்பு குறையும். காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் மறுபக்கம் இழுக்கும்.

உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க அலாஸ்காவின் டூலிக் ஏரியிலும் சுவீடனின் அபிஸ்கோவிலும் 1980களில் தொடங்கிப் பல வருடம் பரிசோதனை செய்தார்கள். ஒரு துண்டு நிலத்துக்கு மேலே பிளாஸ்டிக் கூடாரம் போட்டுச் சூடாக்குவது, இன்னொன்றுக்குப் பசளை போடுவது, இன்னொன்றுக்கு நிழல் வலை கட்டுவது. 2001இல் இரண்டு இடத்துக் குட்டை பேர்ச் இலைகளையும் ஒப்பிட்ட முடிவுகள் வந்தன. இரண்டு இடமும் ஒரே பதிலைத் தரவில்லை. ஒரே இலைக்குள்ளேயே எல்லாப் பொருட்களும் ஒன்றாய்க் கூடவோ குறையவோ இல்லை. அதே வருடம் அந்தக் காபன் கணக்கையே கடுமையாக விமர்சித்து வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். செடி மிச்சக் காசைச் செலவழிக்கிற ஆள் மட்டும் இல்லை, அதன் பரம்பரையும் அது வளர்ந்த இடத்தின் பசி வரலாறும் அதற்குள் இருக்கிறது என்பதுதான் வாதத்தின் சாரம். அழகான கோட்பாடு ஒன்று வயலில் இறங்கி அடிபடுவதை வாசிக்க எங்களுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. எங்கட பாடங்களிலும் இது நடக்கிறதுதானே.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது கிறீன்லாந்து. அங்கே கங்கர்லுசுவாக் என்ற இடத்துக்குப் பக்கத்தில் சில துண்டு நிலங்களுக்கு வேலி போட்டார்கள், சிலதைத் திறந்து விட்டார்கள். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் சில இடங்களைச் சூடாக்கினார்கள். 2008இல் வந்த முடிவு இது: வேலிக்குள் சூடு பட்ட புதர்கள் நன்றாகப் பெருத்தன. வெளியே அதே சூடு பட்டும் கரிபுவும் கஸ்தூரி எருதும் கடித்துக் கடித்து வளர்ச்சியை மட்டுப்படுத்தின. அந்தப் பக்கத்துக் குட்டை பேர்ச் அவ்வளவாகப் பிசின் இல்லாத வகை. வட அலாஸ்காவில் இருப்பது பிசின் உள்ள வகை. அதை மிருகங்கள் தொடத் தயங்கும். ஆகவே, சூடு கூடும்போது புதர் பரவுமா, அடங்குமா என்பதில் கொப்பில் இருக்கிற பிசினுக்கும் பங்கு உண்டு என்று பிரையன்டும் மற்றவர்களும் 2014இல் எழுதினார்கள். வானிலிருந்து எடுக்கிற படத்தில் இந்தப் பிசின் தெரியாது.

எங்களில் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் பார்த்தீனியம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடச் சிரமதானத்தில் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கிய செடி. மழைக்குப் பிறகு வெற்றுக் காணி முழுக்கப் பச்சையாய் நிற்கும், வெள்ளைப் பூவோடு பார்க்க வடிவாகவும் இருக்கும். மாடு தின்னாது. வேறு வழியில்லாமல் தின்றால் பால் கைக்கும். அதன் பாதுகாப்பு இரசாயனம் அப்படி. அது வெளியிலிருந்து வந்த களை, துந்திராப் புதர்களோ அந்த மண்ணுக்கே உரியவை. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பச்சைக் காணிக்கு நடுவே மாடு பசியோடு நிற்கும் என்பதை நாங்கள் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

துந்திராவில் இதன் விலை பெரிது. உயர்ந்த புதர் குளிர்காலத்தில் பனியைப் பிடித்து வைக்கும், அந்தப் பனி போர்வை மாதிரி மண்ணைக் குளிர விடாது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கொப்புகள் வெயிலை உறிஞ்சும். கோடையில் அதே புதர் மண்ணுக்கு நிழலும் தரும், ஆகவே கணக்கு நேர்க்கோட்டில் போகாது. கீழே உறைந்த நிலத்தில் இருக்கிற காபனோ, இப்போது வளிமண்டலத்தில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்னொரு பக்கம், புதர் அடர்ந்தால் தரையோடு கிடக்கும் லைக்கன் குறைகிறது. றெயின்டியர்களின் குளிர்காலத் தீனி அது. ஸ்கன்டிநேவியாவின் வடக்கில் றெயின்டியர் மேய்க்கும் சாமி மக்களுக்கு அது அடுத்த வருடச் சீவியம்.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. இலையில் எவ்வளவு தனின் என்று ஆய்வுகூடம் அளந்து சொல்லும். எந்த மாதத்தில் எந்தச் செடியை மிருகம் ஒதுக்குகிறது, முன்பு தின்றதை இப்போது ஏன் விடுகிறது என்பதை அதன் பின்னாலேயே நடக்கிற மனிசர் சொல்லுவார். அவரிடம் போய் இருந்து கேட்டு எழுதுவது எங்கள் பாடம். சாமி மேய்ப்பரிடம் போக எங்களால் ஏலாது. ஆனால் மாடு வளர்க்கிற ஆட்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வாற விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒருவரையாவது கேளுங்கள்: உங்கட வெளியில மாடு தொடாத செடி எது, அது எப்ப இருந்து கூடினது? சொல்லுவதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.