மோட்டார் கம்பெனிகளும் மதிப்பெண்ணும்

ஒரு பொருளை அளத்தற்கு ஒரே கோல் போதுமாயின் அளத்தல் எளிது. நெல்லுக்கு மரக்கால் உண்டு. துணிக்குக் கஜம் உண்டு. ஆயின், மோட்டார் வண்டி செய்யும் பெருங்கம்பெனி ஒன்று உலகுக்குத் தீங்கின்றி நெடுங்காலம் நிலைபெறத்தக்கதா என்பதை எக்கோலால் அளப்பது? வண்டி கக்கும் புகை ஒன்று. ஆலை உண்ணும் நீரும் மின்சாரமும் ஒன்று. தொழிலாளர் பெறும் கூலியும் பாதுகாப்பும் ஒன்று. மின்கலத்துக்குரிய கோபால்ட்டைத் தோண்டும் காங்கோ தேசத்து ஏழைகளின் நிலை மற்றொன்று. பங்குதாரரின் இலாபம் பிறிதொன்று. இவற்றுள் ஒன்று உயர மற்றொன்று தாழ்வதும் உண்டு. கணிதம் பயிற்றுந் தொழிலினனாகிய யான் இவ்விஷயத்திற் கண்ட சிலவற்றை நம் மாணவ நண்பர்கட்கு ஈண்டு எடுத்துரைப்பேன்.

பல கோல்களை ஒருங்கே வைத்து அளக்கும் முறைகள் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. அவற்றுள், தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் வகுத்த முறை பெயர் பெற்றது. குணங்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றினும் மற்றொன்று எத்துணை முக்கியம் என்பதை 1 முதல் 9 வரையுள்ள எண்ணாற் குறித்தல் வேண்டும். அவற்றினின்றும் ஒவ்வொரு குணத்துக்கும் உரிய எடை பிறக்கும். புகை கூலியினும் பெரிது, கூலி இலாபத்தினும் பெரிது, இலாபமோ புகையினும் பெரிது என்று ஒருவர் முரண்படக் கூறின், அம்முரணையும் இம்முறை காட்டிக் கொடுக்கும்.

எடையிடுவோர் யார் என்பதே இங்குப் பெரிய வினா. வகுப்பில் இரு கற்பனைக் கம்பெனிகளைக் கரும்பலகையில் எழுதினேன். புகை, தொழிலாளர் நலம், இலாபம் என்னும் மூன்றிலும் பத்துக்கு முறையே 8, 4, 6 பெற்றது முதலாவது. 5, 8, 7 பெற்றது இரண்டாவது. சுவாசகாசத்தால் வருந்தும் தம்பியை உடைய மாணவி ஒருத்தி 5, 3, 2 என எடையிட்டாள். முதலாவது 64-ம் இரண்டாவது 63-ம் பெற்றன. ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் 3, 5, 2 என எடையிட்டான். முதலாவது 56-க்கு இறங்க, இரண்டாவது 69-க்கு ஏறிற்று. கணக்கில் இருவரும் பிழை செய்திலர். அவரவர் வீட்டுத் துயரமே எண்ணாக வந்து நின்றது. அன்று முதல், எடைகளை மறைத்து முடிவை மட்டும் வெளியிடும் எந்தப் பட்டியலையும் யான் நம்புவதில்லை.

எடை நேராயினும், இடும் எண் பொய்யாயின் பயன் என்னை? ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி 2015 செப்டம்பரில் டௌ ஜோன்ஸ் நிலைபேற்றுப் பட்டியலில் மோட்டார்த் தொழிலுக்கே முதல்வனாக வைக்கப்பட்டது. அம்மாதம் 18-ஆம் நாள், அதன் டீசல் வண்டிகள் சோதனைச் சாலையில் மட்டும் புகையை அடக்கும் கள்ளக் கம்ப்யூட்டர் நிரலைக் கொண்டவை என்று அமெரிக்க அரசாங்கத்தார் வெளியிட்டனர். வீதியில் ஓடுங்கால் அவற்றுட் சில, சட்டம் அனுமதித்த அளவினும் நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு நச்சுவாயுவைக் கக்கின. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பட்டியலினின்றும் அதன் பெயர் நீக்கப்பட்டது. கருவியை வண்டியிலேற்றி வீதியில் ஓட்டி அளந்த மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தாரின் உழைப்பே இவ்வுண்மை வெளிப்பட வழிகோலிற்று.

குணமும் குற்றமும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதனால் மதிப்பிடுமாறு வள்ளுவர் நமக்குக் கற்பித்தார். எடையிட்டுக் கூட்டும் முறையும் ஏறக்குறைய அதுவே. எனினும் நம் பரீட்சை விதியை நினைமின்! கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்றவனும் வேறொரு பாடத்தில் குறைந்தபட்ச எண் பெறாவிடின் தேறியவன் ஆகான். பிரான்சு தேசத்துப் பெர்னார் ருவா என்னும் அறிஞர் 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் வகுக்கத் தொடங்கிய எலெக்த்ர் முறை இவ்விதியை ஒத்தது. ஒரு குணத்தில் மிகத் தாழ்ந்தது, பிற குணங்களின் மிகுதியால் மேலெனப்படாதவாறு அது தடுக்கும். வாய்மையும் தொழிலாளர் உயிரும் இத்தகைய தேறியே தீரவேண்டிய பாடங்கள் என்பது என் துணிபு.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை இத்தகைய ஆலைகளில் பணிபுரிவீர். சிலர் அவற்றின் கணக்கைத் தணிக்கை செய்வீர். அப்போது மொத்த எண்ணைக் கண்டு அமையாது, எடையிட்டவர் யார், அளந்த இடம் யாது, தேறாத பாடம் எது என்னும் மூன்றையும் கேளுங்கள்.