தொலைவு ஒன்று, நேரம் இரண்டு!

தோழர்களே! லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 5,540 கிலோமீட்டர். போகும்போதும் அதே தொலைவு. திரும்பும்போதும் அதே தொலைவு. இடையில் கடல் அகலவுமில்லை, கரை நகரவுமில்லை! ஆயினும், லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. கிழக்கே திரும்பி வர ஏறத்தாழ ஏழு மணி நேரமே ஆகிறது. ஏன் இந்த வேற்றுமை?

எட்டாம் வகுப்பில் நாம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கற்றிருந்த மாணவர்கள் திகைத்தனர். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "பூமி சுற்றுகிறதல்லவா, ஐயா! விமானம் மேலே இருக்கும்போதே கீழே ஊர் நகர்ந்து வந்துவிடுகிறது" என்றான்.

"யார் சொன்னது, தம்பி?" என்றோம்.

"எல்லாரும் சொல்கிறார்கள், ஐயா!"

எல்லாரும் சொல்கிறார்கள்! எத்தனை பொய்களுக்கு இந்த இரண்டு சொற்கள் குடை பிடித்திருக்கின்றன! அதட்டி அமர்த்துவது எளிது. சரியான விடையைச் சொல்லி ஒப்பிக்க வைப்பது அதனினும் எளிது. ஆனால், ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புகிறவன், நாளை எவர் எதைச் சொன்னாலும் நம்புவானே! ஆகவே கேள்வியே கேட்டோம்.

"பூமி எந்தத் திசையில் சுழல்கிறது?"

"மேற்கிலிருந்து கிழக்கே."

"அப்படியானால், வானில் நிற்கும் விமானத்தை நோக்கி நகர்ந்து வரவேண்டிய ஊர் எது?"

"மேற்கே இருக்கும் நியூயார்க்."

"விரைவில் முடியவேண்டிய பயணம் எது?"

பையன் பலகையைப் பார்த்தான். மேற்குக்கு எட்டு, கிழக்குக்கு ஏழு! "தலைகீழாக அல்லவா இருக்கிறது, ஐயா!" என்று கூவினான். வகுப்பே கலகலத்தது.

பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. விமானத்தை விட்டுவிட்டுப் பூமி ஓடுவதில்லை. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது ஜெட் காற்றோட்டம். அது அத்திசையில் வளைவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் விமானத்தை உந்துவது காற்றுதான். கிழக்கே செல்வோருக்கு அது துணை. மேற்கே செல்வோருக்கு அது தடை. 2020 பிப்ரவரியில், புயலால் வலுப்பெற்ற அக்காற்றின் துணையோடு, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது!

இக்காற்றை முதலில் அளந்தவர் யார், தெரியுமா? ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி. 1920களில், பலூன்களைப் பறக்கவிட்டு, அவற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, உலகம் அறியவேண்டுமென்று எஸ்பராந்தோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகம் பெரும்பாலும் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அக்காற்றில் சிக்கித் திணறியபோதுதான், அதன் வலிமை பலருக்கும் புரிந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஊரெல்லாம் சொன்னது பொய்யாயிற்று. கேட்பாரற்றுக் கிடந்த ஒருவரின் அளவை மெய்யாயிற்று! உண்மைக்குத் தலைகளின் எண்ணிக்கை சான்றாகாது. அளந்து பார்க்கும் கருவியும், ஆய்ந்து பார்க்கும் அறிவும், "ஏன்?" என்று கேட்கும் துணிவுமே சான்று. இந்தத் துணிவை வகுப்புதோறும் வளர்ப்போம்!